நாத்து நம்ம கையில் இருக்கட்டும்!

(விளாத்திகுளம் வட்டாரத்தில் நடந்த மிளகாய் விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத ஊர்களுக்காக அச்சிட்டுத் தருகிறோம். படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.)

 

வத்தல் விலை பற்றிப் பேசுவோம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். விலையைப் பற்றி நாம் பேசாத கூட்டம் கிடையாது. இன்றைக்கு அதற்கு முன்னால் உள்ள ஒரு சங்கதியைப் பேசப் போகிறோம். வத்தல் கமிஷன் கடைக்குப் போகும்போதுதான் நாம் ஏமாறுகிறோம் என்று நினைக்கிறோம். இல்லை. செடிக்கு நாலு இலை இருக்கும்போதே ஏமாந்துவிடுகிறோம். நாத்து வாங்குகிற அன்றைக்கே பாதி வெள்ளாமை முடிவாகிவிடுகிறது.

போன பருவத்தில் நம் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். நாலு பேர் சேர்ந்து ஒரு நாத்துப் பண்ணையில் மிளகாய் நாத்து வாங்கி வந்தார்கள். பார்க்கப் பச்சையாய், நெடுநெடுவென்று நன்றாகத்தான் இருந்தது. நட்டு மூன்றாவது வாரம் இலை சுருண்டது. காய் பிடித்த செடியிலும் ஒன்று நீளக் காய், ஒன்று குட்டைக் காய். போய்க் கேட்டால், “அண்ணாச்சி, உங்க மண்ணு சரியில்ல, உங்க தண்ணி சரியில்ல” என்று பதில். பில் எங்கே என்றால் துண்டுச் சீட்டில் வெறும் தொகை மட்டும் எழுதியிருக்கிறது. ரகம் என்ன, யார் விதை, என்றைக்கு விதைத்தது, ஒன்றும் இல்லை. எதை வைத்து வழக்குப் போடுவது?

நம்ம தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தது. பெரிய அளவில் கடைசியாக நடந்தது 1961-ல். குளித்து எடுத்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் கூறு வைத்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று எடுத்தவனுக்கும் தெரியாது, விட்டவனுக்கும் தெரியாது. அது கடல் கொடுக்கிற அதிர்ஷ்டம். ஆனால் நாத்து அப்படியா? என்ன விதை போட்டோம், எத்தனை நாள் ஆச்சு, என்ன மருந்து அடித்தோம் என்று வளர்த்தவனுக்குத் தெரியும். வாங்குகிற சம்சாரிக்கு மட்டும்தான் தெரியாது. இந்தச் சூதாட்டம் நமக்கு வேண்டாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, முடிந்த மட்டும் நாத்தை நாமே வளர்ப்பது. இரண்டு, விலைக்கு வாங்கினால் சட்டப்படி வாங்குவது. முதல் வழியை முதலில் பார்ப்போம்.

மானாவாரிக் கரிசலில் மிளகாயை நேரடியாக விதைத்துத்தான் பழக்கம். ஆனால் மழை இப்போது சொன்னபடி வருவதில்லை. முதல் மழையில் முளைத்து, அடுத்த மழை தள்ளிப் போய்க் கருகினதைப் பார்த்துவிட்டோம். கிணறு, பண்ணைக்குட்டை என்று கொஞ்சம் தண்ணி இருக்கிறவர்கள் வீட்டில் நாத்துப் போட்டு வைத்தால், ஈரம் வந்த பிறகு நடலாம். ஆவணிக் கடைசியில் விதைத்தால் 35, 40 நாளில், ஐப்பசி மழைக்கு நாத்துத் தயார்.

விதையில் இருந்து ஆரம்பிப்போம். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கியது. நம்ம கரிசலுக்கென்றே கே 1, கே 2 என்று மிளகாய் ரகங்களை அங்கிருந்து வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட ரக விதையை நாமே எடுத்து வைக்கலாம். நோயில்லாத செடியில், நடுப் பறிப்பில் வரும் நல்ல பழமாகப் பார்த்து எடுங்கள். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் மகரந்தம் கலந்துவிடும், ஆகவே தள்ளி இருக்கிற செடியில் எடுங்கள். வீரிய ஒட்டு விதையில் மட்டும் இந்த வேலை ஆகாது. அதன் பழத்தில் எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது.

விதைப்பதற்குப் பதினைந்து நாள் முன்னால் முளைப்பு பாருங்கள். நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் வைத்து, முளைத்ததை எண்ணுங்கள். மிளகாய் முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். மிளகாய்ச் சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 60 சதவீதம், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70. நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே போனால் அந்த விதையை நம்பாதீர்கள். அஞ்சாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய சோதனை இது. இதைச் செய்யாமல்தான் நாம் ஆயிரக் கணக்கில் விடுகிறோம்.

ஏக்கருக்கு எத்தனை நாத்து? இரண்டடிக்கு ஒன்றரையடி என்று நட்டால் ஏறக்குறைய 15,000 செடி. 98 குழி உள்ள தட்டு என்றால் 153 தட்டு. சாவு போக 170 தட்டு வையுங்கள். தட்டு ஒன்றுக்கு ஒன்றேகால் கிலோ தென்னை நார்க்கழிவு பிடிக்கும்.

அந்த நார்க்கழிவைப் பற்றி ஒன்று. நம்ம துறைமுகத்தில் அது கட்டியாக அமுக்கி, கன்டெய்னரில் ஏறி, வெளிநாட்டு நாத்துக் கொட்டகைகளுக்குப் போகிறது. அவன் தக்காளி நாத்து நம்ம தென்னந்தோப்புக் கழிவில் வளருது. நாம் அதே கழிவில் வளர்த்த நாத்தை அடுத்தவனிடம் விலைக்கு வாங்குகிறோம்! ஆனால் கவனம்: உப்பு ஏறிய நார்க்கழிவும் உண்டு. நல்ல தண்ணியில் ஊறவைத்துப் பிழிந்து, நாலைந்து தடவை கழுவி, அதன் பிறகே தட்டில் நிரப்புங்கள். மக்காத பச்சை நாரும் ஆகாது. தட்டு பழசாக இருந்தால் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, இல்லையென்றால் 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்யுங்கள். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், அவ்வளவுதான். ஆழமாகப் போனால் மூச்சுமுட்டி உள்ளேயே அழுகும். தண்ணி தெளித்துத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வீட்டுத் தாழ்வாரத்தில் பாலித்தீன் தாளால் மூடுங்கள். அந்த வெதுவெதுப்பில் முளை சீக்கிரம் வரும். நாலாம் நாளில் இருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முளை தலை காட்டின அன்றே அடுக்கைப் பிரித்து வெளிச்சத்துக்குக் கொண்டு போகணும். இரண்டு நாள் சோம்பினால் வெளுத்து, நூலாக நீண்டு, சாய்ந்துவிடும். பண்ணையில் “நெடுநெடு” என்று பார்த்து மயங்கினோமே, அது பாதி இந்தக் கதைதான். நல்ல நாத்து குட்டையாய், தண்டு திடமாய், வேர் வெள்ளையாய் இருக்கும்.

நிழல்வலை வாங்க முடிந்தால் 50 சதவீத நிழல் தருவது போதும். முடியாதவர்கள் பனையோலைப் பந்தல் போடுங்கள். ஓலையை இடைவெளி விட்டு வேயுங்கள். முழு இருட்டு ஆகாது. சுற்றிலும் பூச்சி புகாத வலை கட்டுவது ரொம்ப முக்கியம். இலைச்சுருட்டு வெள்ளை ஈயாலும் இலைப்பேனாலும் வருவது. நாத்து வயசிலேயே அது ஏறிவிட்டால், வயலில் எத்தனை தடவை மருந்து அடித்தாலும் மீளாது. மஞ்சள் ஒட்டுப்பொறி நாலு தொங்கவிடுங்கள்.

தண்ணியைப் பூவாளியில் காலையில் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றி ராத்திரி முழுக்க ஈரமாய் வைத்தால் நாற்றழுகல் வரும். நேற்று நின்ற நாத்து இன்றைக்குத் தரையோடு மடங்கிக் கிடந்தால் அதுதான் அந்த நோய். உடனே தண்ணியைக் குறைத்து, லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேரில் ஊற்றுங்கள். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர்கள் கிணற்றுத் தண்ணியை ஒரு தடவை அரசு மண் பரிசோதனை நிலையத்தில் பாருங்கள். உப்புத் தண்ணியில் பெரிய செடி தாங்கும், பச்சைப்பிள்ளை தாங்காது. நடுவதற்கு ஒரு வாரம் முன்னால் தண்ணியைக் குறைத்து, நிழலை விலக்கி, வெயிலுக்குப் பழக்குங்கள்.

எல்லா விதையையும் ஒரே நாளில் போடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் நாம் பட்டது மறந்துவிடுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மழை அப்படி எந்த மாதம் வந்தாலும் போட்டது போய்விடும். பத்து நாள் விட்டு ஒரு பங்கு நாத்துப் போட்டு வைத்தால் மறுநடவுக்குக் கையேந்த வேண்டாம்.

இனி இரண்டாவது வழி. எல்லோராலும் வீட்டில் போட முடியாது. விலைக்கு வாங்குகிறவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ளணும்.

1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் விதை என்ற சொல்லுக்குள் நாற்றும் அடக்கம். நாத்து விக்கிறது வெறும் செடி வியாபாரம் இல்லை, விதை வியாபாரம். 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்பவர் உரிமம் வைத்திருக்கணும், இருப்பையும் விலையையும் எழுதி வைக்கணும், வாங்குகிறவருக்குப் பில் கொடுக்கணும். “பில் கேட்டா நாளைக்கு வாங்க” என்பது சட்டம் இல்லை. விதையாக வாங்கினால் பையில் நீல அட்டை இருந்தால் சான்று விதை, பச்சை அட்டை இருந்தால் உண்மைநிலை விதை. அட்டையையும் பையையும் கிழித்து எறியாதீர்கள், வத்தல் விற்று முடிகிற வரைக்கும் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

“விதை பொய்த்துப் போனா நாம என்ன செய்ய முடியும்?” என்று கேட்கிறவர்களுக்கு: 2012-ல் உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. வாங்கின விதை பூராவையும் விதைத்துவிடுகிற சம்சாரியிடம் மாதிரி எடுத்து வைத்தாயா என்று கேட்க முடியாது என்பதையும் ஏற்றுக்கொண்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருசத்துக்குள் போடணும். ஆனால் பில் இல்லாமல் போனால் வெறுங்கையோடு திரும்பணும்.

2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், நாம் விதையை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, பங்காளிக்குக் கொடுக்க, மாத்திக்கொள்ள, வியாபாரப் பெயர் போடாமல் விற்கவும் உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகம் சொன்ன விளைச்சலைத் தராவிட்டால் இழப்பீடு கேட்கவும் அதில் வழி இருக்கிறது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு புதிய விதை மசோதா வரைவை வெளியிட்டது. 2004-லும் 2019-லும் இதே மாதிரி மசோதா வந்தது. விவசாயிகள் சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. எந்தச் சட்டம் வந்தாலும் நம்முடைய இந்த உரிமை குறையக் கூடாது.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. விற்கும் ஒவ்வொரு நாத்துக்கும் ரகம், விதையின் லாட் நம்பர், விதைத்த தேதி எழுதிய பில் கொடுக்கப்பட வேண்டும். உரிமம் இல்லாத பண்ணைகளை அதிகாரிகள் பருவத்துக்கு முன்பே ஆய்வு செய்ய வேண்டும்.

2. கரிசலுக்கு ஏற்ற மிளகாய் ரக விதை ஆடி மாதத்துக்குள் நம் வட்டார அரசு மையங்களில் இருக்க வேண்டும். மழை வந்த பிறகு விதை வந்து பிரயோஜனம் இல்லை.

3. சிறு விவசாயிகள் குழுவாகவும் பெண்கள் குழுவாகவும் நாத்து வளர்க்க நிழல்வலைக் கொட்டகைக்கும் தட்டுக்கும் மானியம் தர வேண்டும்.

4. நாத்து பொய்த்ததாகப் புகார் கொடுத்தால் ஏழு நாளைக்குள் அதிகாரியும் விஞ்ஞானியும் வயலுக்கு வர வேண்டும். அறிக்கையின் நகல் விவசாயிக்குத் தரப்பட வேண்டும்.

5. புதிய விதைச் சட்டத்தில், பொய்த்த விதைக்கும் நாத்துக்கும் அலையவிடாமல் இழப்பீடு தரும் பிரிவு இருக்க வேண்டும்.

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-ல் வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகச் சொந்தக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அந்த மண்ணில் பிறந்த நாம் ஒரு முழம் நாத்தைச் சொந்தமாக வளர்க்க முடியாதா?

வருகிற மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் அன்று தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்துக்கு எல்லோரும் வாருங்கள். ஆளுக்கு ஒரு காலி நாத்துத் தட்டு கையில் கொண்டு வாருங்கள். போன வருசம் வாங்கின துண்டுச் சீட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். அந்தச் சீட்டுகளை மனுவோடு சேர்த்து மேஜையில் வைப்போம். இதுதானா பில் என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.

விதை நம் உரிமை! நாத்து நம் உழைப்பு!
பில் இல்லாத நாத்தை வாங்க மாட்டோம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!