முயலுக்கு மரச்சீனி இலை போடலாமா?

சிதறால் மலைக்குச் சமணச் சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள், அந்தப் பக்கத்து விளைகளில் மரச்சீனி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்து வளர்த்த பயிர் அது.

கிழங்கை வேகவைத்து, தண்ணீரை வடித்து, மீன்குழம்போடு சாப்பிடுகிறோம். மூடு பிடுங்கும்போது ஒடித்த இலைக்கொத்தை வீட்டு முயலுக்குப் போடுகிறோமே, அதில்தான் ஆபத்து. பச்சை இலையை முயல் மெல்லும்போது அதிலிருந்து சயனைடு வெளியாகும். முயலால் வாந்தியெடுக்கவும் முடியாது. தின்றது தின்றதுதான்!

மரச்சீனி இலையை நறுக்கி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் நஞ்சு பெருமளவு குறையும். ஆனால் அரளியிடம் அந்த வித்தை பலிக்காது. சருகானாலும் அதன் நஞ்சு போகாது, இதயத்தையே தாக்கும். அதனால் சாமிக்குச் சாத்திய அரளி மாலை கூண்டுப் பக்கம் போகக் கூடாது. வேலியோரத்து உண்ணிச்செடியோ ஈரலைக் கெடுக்கும்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? அருகம்புல் இருக்கிறது, முருங்கையிலை, செம்பருத்தி இலை இருக்கின்றன.

முயல் சுருண்டு படுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ கைவைத்தியம் பார்க்காதீர்கள். தின்ற இலையில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். கூண்டில் கிடப்பது கிடைத்ததைத் தின்னும். தேர்ந்தெடுத்துப் போட வேண்டியவர்கள் நாம்தான்.