இலத்திரனியல் சிகரட்டும் நமது இளைஞர்களும்

 

புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தல் இலங்கையில் தடைசெய்தது. எதிர்க்கரையிலுள்ள இந்தியாவோ 2019இல் எல்லா வகைகளையும் தடுத்துவிட்டது.

‘வேப்’ பாவிக்கும் இளைஞர் சிலர் இதற்குக் கூறும் பதில் விசித்திரமானது. “மௌலவி, சட்டம் சொல்வது புகையிலையை, என்னிடம் இருப்பதோ வெறும் திரவம்” என்கின்றனர். சொல்லில் ஓட்டை தேடும் சட்டத்தரணிகளாகிவிட்டனர்! அத்திரவத்தில் கலக்கப்படும் நிக்கொட்டின் பெரும்பாலும் புகையிலைச் செடியிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகிறது. மாம்பழ வாசனை அதன் பிடியைத் தளர்த்தாது. நமது உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதற்கு வர்த்தமானியின் வாசகம் விடையாகாது.

இன்னும் சிலர் கடல்வழியை நினைப்பர். பீடி இலை மூட்டைகள் கடற்படையிடம் அகப்படும் செய்தி மன்னார்க் கரையில் புதிதன்று. அகப்படுபவன் படகில் சென்ற பிள்ளை. சரக்கின் சொந்தக்காரன் கரையில் இருப்பான்.

றமழானில் 13 மணித்தியாலத்திற்கும் மேலாக அதனைத் தொடாதிருக்கும் தம்பி, ‘விட முடியாது’ என்பதை நான் ஏற்கமாட்டேன். எனினும் அது இலகுவன்று.

பெற்றோர்களே! கருவியைப் பறித்து உடைப்பதோடு நின்றுவிடாதீர்கள். விட்ட ஆரம்ப நாட்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும்; அது பிள்ளையின் திமிரன்று, நிக்கொட்டின் கிடைக்காததன் விளைவு. அப்போது ஏசாது அருகிலிருங்கள். தாங்காவிடின் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். எஞ்சிய திரவத்தைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் அது நஞ்சு.