குறட்டை விட்டால் நல்ல தூக்கமா?

(திருமானூர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



"அவருக்கென்ன, படுத்தா குறட்டை விட்டுத் தூங்குவாரு" என்று நாம் சொல்கிறோம். எல்லாக் குறட்டையும் நோயில்லை. ஆனால் குறட்டை சட்டென்று நின்று, பத்து வினாடிக்கு மேல் மூச்சே வராமல், பிறகு திணறி முழிப்பது அடிக்கடி நடந்தால் சும்மா விடக்கூடாது. டாக்டர்கள் இதை 'ஸ்லீப் ஆப்னியா' என்பார்கள்.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. உடனே மூளை உலுக்கி எழுப்புகிறது. ஒரே ராத்திரியில் பல தடவை இப்படி நடக்கும். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. தலைவலி, மறதி, எரிச்சல், பகல் தூக்கம்தான் மிஞ்சும். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இருதய நோய், பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். இந்தி சினிமா இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் இறந்ததற்கு இந்த நோயைத்தான் மருத்துவர் காரணமாகச் சொன்னார்.

நம்ம மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி ஓட்டுகிறவர்கள் நிறைய. ஸ்டீயரிங் பிடித்தபடி ஒரு நொடி கண் அசந்தால் என்ன ஆகும்? அவங்களுக்கே தெரியாத இந்த நோயை, பக்கத்தில் படுத்திருக்கும் நாம்தான் கவனித்துச் சொல்ல முடியும்.

சரி, நம்ம தூக்கத்தை யார் பார்ப்பது? மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் இது அதிகமாகிறது. நாம 'வேலை அசதி' என்று விட்டுவிடுகிறோம். "ராத்திரி நான் எப்படித் தூங்குறேன்?" என்று வீட்டில் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

உடம்பு எடையைக் குறைக்கணும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கணும். குடியை நிறுத்தணும். தூக்க மாத்திரையை நாமாக வாங்கிப் போடக்கூடாது. குழந்தை வாயைத் திறந்து குறட்டை விட்டால் டான்சில் வீக்கமா என்று காட்டுங்கள்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். அங்கிருந்து அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். ராத்திரி முழுக்கக் கருவி பொருத்தித் தூக்கத்தைப் பரிசோதிப்பார்கள். நோய் கடுமையாக இருந்தால் 'சிபாப்' மெஷின் வைக்கச் சொல்வார்கள். ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தியது இது. முகமூடி வழியே காற்றைச் செலுத்தித் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். தினமும் போட்டால்தான் பலன்.

அடுத்த கூட்டம் வரை வீட்டில் ஒவ்வொருவர் தூக்கத்தையும் கவனியுங்கள். பார்த்ததை வந்து சொல்லுங்கள். யாருக்குத் துணை வேண்டுமோ, நாம் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.