பெயரில் முதலை, பிறப்பில் வேறு

உருவ ஒற்றுமையைக் கண்டு உறவு சொல்வது நம் வழக்கம். "மூக்கைப் பார்த்தாலே இன்னாரின் பேரன் என்று தெரிகிறதே!" என்கிறோம். பெரும்பாலும் அது பொய்ப்பதில்லை. சிற்சில வேளைகளில் பொய்த்தும் விடுகிறது. அழிந்துபோன விலங்குகளை இனம் பிரிக்கும் அறிஞர்களுக்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. அதற்குச் சான்றாக, நம் நாட்டு விலங்கு ஒன்றின் வரலாற்றையே இன்று காண்போம்.

பிராணஹிதையும் கோதாவரியும் பாயும் தெலங்கானாப் பகுதியில், எர்ரபள்ளித் தொகுதி என வழங்கும் சிவந்த பாறைகள் உள்ளன. டிரையாசிக் காலத்தின் நடுப்பகுதியில் படிந்தவை அவை. அவற்றில் கிடைத்த சில எலும்புகளை ஆராய்ந்த கே. சென் என்னும் அறிஞர், 2005ஆம் ஆண்டில் அவ்விலங்குக்கு யாராசூக்கஸ் என்று பெயரிட்டார். தெலுங்கு நாட்டில் வாழும் நேயர்கள், 'எர்ர' என்பது சிவப்பைக் குறிப்பதென உடனே சொல்லிவிடுவர். 'சூக்கஸ்' என்பது முதலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஆகவே இது 'சிவப்பு முதலை'. முதலைகளின் கிளையைச் சேர்ந்ததென்றே அப்பொழுது கருதப்பட்டது.

கிளை என்றால் என்ன? ஆர்க்கோசார் என்னும் ஊர்வனப் பெருங்குலம் டிரையாசிக் காலத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு கிளையில் எஞ்சி நிற்பவை முதலைகள். மற்றொரு கிளையில் தோன்றியவை டைனோசர்களும், அவற்றின் வழிவந்த பறவைகளும். ஒரு பழைய எலும்பு இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது என அறியக் கணுக்காலை நோக்குவது வழக்கமாயிருந்தது. முதலையின் கணுக்காலில் இரண்டு எலும்புகள், முளையும் குழியுமாகப் பொருந்தி, ஒன்றன்மேல் ஒன்று திரும்பும். பறவையிலும் டைனோசரிலும் அவ்விரண்டும் அசையாது காலோடு நின்றுவிட, பாதம் கதவுக்கீல் போல முன்னும் பின்னுமே மடங்கும்.

இந்த அளவுகோலைத் திருத்தி அமைத்தது தான்சானியாவில் கிடைத்த ஓர் எலும்புக்கூடு. 1933இல் பாரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர் அதனைக் கண்டெடுத்தார். ஆலன் சாரிக் என்பவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1956இல் அளித்த ஆய்வேட்டில் அதனை விவரித்து, டெலியோகிரேட்டர் எனப் பெயரும் சூட்டினார். ஆயினும் அப்பெயர் முறைப்படி வெளியிடப்படவில்லை. கணுக்கால் எலும்புகள் கிடைக்காமையால் விலங்கின் குலமும் துணியப்படவில்லை. 1997இல் சாரிக் மறைந்தார்.

2015இல் ஆய்வுக்குழு ஒன்று தான்சானியாவில் அதே விலங்கின் வேறு பல எலும்புகளைத் தோண்டி எடுத்தது. குறைந்திருந்த கணுக்காலும் அகப்பட்டது. அது முதலையின் கணுக்காலைப் போன்றே இருந்தது! ஆனால் மண்டையோட்டின் மேற்பள்ளம், கழுத்தெலும்பின் முனைப்புகள், தொடையெலும்பில் தசை பற்றிய தழும்பு ஆகியவையோ டைனோசரின் கிளைக்கே உரியவை.

இம்முரண்பாட்டை எவ்வாறு தீர்ப்பது? பாட்டனார் வைத்திருந்த பித்தளைச் செம்பு மூத்தவர் வீட்டிலும் இருக்கலாம், இளையவர் வீட்டிலும் இருக்கலாம். அதைக் கொண்டு ஒரு பேரன் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல இயலாது. இளையவர் தாமே புதிதாகச் செய்து தம் மக்களுக்கு மட்டும் அளித்த பொருள் ஒன்று அவனிடம் இருந்தால் அதுவே சான்று. முதலைக் கணுக்கால் இரு கிளைக்கும் பொதுவான பழஞ்சொத்து; ஒரு கிளை அதனைக் காத்தது, மற்றது பிற்காலத்தில் மாற்றிக்கொண்டது. பழமையில் ஒத்திருத்தல் உறவன்று. புதுமையைப் பகிர்ந்திருத்தலே உறவு. இன்றைய வகைப்பாட்டியலின் அடிப்படை இதுவே.

டெலியோகிரேட்டரை அருகில் வைத்து நோக்கியவுடன் வேறு மூன்று விலங்குகளின் குலமும் விளங்கிற்று. ரஷ்யாவின் டோங்குசூக்கஸ், பிரேசிலின் ஸ்பாண்டிலோசோமா, நம் யாராசூக்கஸ் ஆகியவையே அம்மூன்று. 2017இல் இந்நான்கையும் ஒன்றுசேர்த்து அஃபனோசாரியா, அதாவது 'மறைந்திருந்த பல்லிகள்', என்று பெயரிட்டனர். அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவராக, மறைந்து இருபது ஆண்டுகளான சாரிக்கின் பெயரும் இடம்பெற்றது.

இவை ஏறத்தாழ 24½ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவை. டைனோசரின் கிளையிலிருந்து மிகத் தொடக்கத்திலேயே பிரிந்தவை. நாடுகள் நான்காயினும் அந்நாளில் நிலம் ஒன்றே. கண்டங்கள் இன்னும் பிரியவில்லை. டைனோசரின் முன்னோர் இருகாலில் ஓடிய சிற்றுயிர்கள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். டெலியோகிரேட்டரோ இரண்டு மூன்று மீட்டர் நீளமும் நீண்ட கழுத்தும் கொண்டு, நான்கு காலில் நடந்த ஊனுண்ணி. அவ்வெண்ணமும் திருத்தம் பெற்றது.

யாராசூக்கஸின் பெயர் மட்டும் மாறவில்லை. முறைப்படி முதலில் இட்ட பெயர், பொருள் பொருந்தாவிடினும் நிலைத்திருக்க வேண்டும் என்பது விலங்கியல் மரபு. பெயரில் அது இன்றும் முதலையே; உறவில் மயிலுக்கும் காக்கைக்குமே நெருக்கம். கல்லின்மேல் எழுத்து அழியாது என்பர். அக்கல்லை நாம் படிக்கும் படிப்பு மட்டும் என்றும் திருத்தத்திற்கு உரியது.