முதல் வேலையில் பெரிது பொறுப்பே!

நடுவர் அவர்களே! எதிரணியில் சம்பளக் கவரை எண்ணியபடியே அமர்ந்திருக்கும் நண்பர்களே! எங்கள் அணித் தோழர்களே! அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! 

கல்லூரி முடித்த பிள்ளைக்கு முதல் வேலையில் பெரிது சம்பளமா, பொறுப்பா? பொறுப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

நான் வல்லக்கோட்டைக்காரி. ஏழடி உயரத்தில் முருகன் நிற்கிற ஊர். எங்க ஊர்ல முருகனுக்கு அடுத்தபடியா ஜனங்க காத்துக்கிட்டு நிக்கிறது கம்பெனி பஸ்ஸுக்குத்தான்! (சிரிப்பு) ஒரகடத்துல கார், வல்லம் வடகால்ல மோட்டார் சைக்கிள். அந்த வேலைகளை நான் குறை சொல்லமாட்டேன். எங்க தெருவுல ஓட்டு வீடெல்லாம் மாடி வீடானது அந்தச் சம்பளத்துலதான்.

அப்படிப்பட்ட ஊர்ல என் அக்கா பொண்ணு பி.காம். முடிச்சா. "சித்தி, ரிசர்வ் வங்கி கிரேடு பி பரீட்சை எழுதப்போறேன். வங்கிகளை ஆய்வு செய்யற அதிகாரி ஆகணும்"னா. எங்க மாமா கேட்டார்: "ஏம்மா, அங்க போய் என்னத்த உற்பத்தி பண்ணுவே?"

நியாயமான கேள்விங்கய்யா. கார் கம்பெனின்னா காரைக் காட்டலாம். ஆய்வு அதிகாரி எதைக் காட்டுவார்? அவர் ஒழுங்கா வேலை பார்த்தா நம்ம பணத்துக்கு ஒண்ணுமே ஆகாது. அதுதான் அவருடைய உற்பத்தி! (கைதட்டல்)

வங்கி நம்ம பணத்தை வாங்கி இன்னொருத்தருக்குக் கடன் கொடுக்குது. அது திரும்பி வருமான்னு நாம போய்ப் பார்க்க முடியுமா? 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவுப்படி ரிசர்வ் வங்கி அதிகாரி போகலாம். ஏடுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

என்ன பார்ப்பார்? நம்ம மளிகைக்கடையை வெச்சுச் சொல்றேன். ஒருத்தர் ஐந்நூறு ரூபாய் பாக்கி, கட்ட வழியில்லை. அண்ணாச்சியே கல்லாவிலிருந்து ஐந்நூறு எடுத்து, "இந்தா, இதை வெச்சுப் பழைய பாக்கியைக் கட்டு"ங்கிறார். நோட்டுல பழைய கணக்கு தீர்ந்துபோச்சு. கல்லாவுக்கு ஒரு பைசா வந்ததா? வரலை! தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அதை வாராக்கடனாகக் காட்டவேண்டும் என்பது பொதுவான விதி. அதை மறைக்க ஒரு வங்கி இதே வித்தையைக் கோடிக்கணக்கில் செய்தால்? ஏட்டைப் பார்த்தா எல்லாம் வசூல். "இந்தப் பணம் எங்கேயிருந்து வந்தது?"ன்னு கேட்டாத்தான் குட்டு வெளிப்படும். இருபத்தைந்து வயசுப் பிள்ளை, முப்பது வருஷ சர்வீஸ் போட்ட பெரிய அதிகாரி முன்னால உட்கார்ந்து அதைக் கேட்கணும். அந்தத் துணிவை எந்தச் சம்பளக் கவர்ல போட்டுக் கொடுப்பீங்க?

கேட்க ஆளில்லாத காலமும் இருந்தது. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அன்றைக்கு ரிசர்வ் வங்கியே கிடையாது. அது பிறந்தது 1935-ல். இப்போது 2020-க்கு வாங்க. கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி தள்ளாடியது. நவம்பர் 17-ஆம் தேதி, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. எத்தனை வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்? ஆனால் பத்தே நாளில், 27-ஆம் தேதி, அந்த வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. பங்கு வாங்கியவர்கள் இழந்தார்கள். டெபாசிட் போட்டவர்களுடைய பணம் தப்பியது.

எதிரணித் தம்பி சிரிக்கிறார். என்ன கேட்பார்னு தெரியும். "2019-ல் மும்பை பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் 21,000-க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகளை வைத்துக் கடனை மறைத்தார்களே! முதலில் ஆயிரம் ரூபாய்தானே எடுக்கவிட்டார்கள்? அத்தனை வருஷமாக உங்க ஆய்வு அதிகாரி என்ன செய்தார்?"

தம்பி, அந்தக் கேள்வியை நான் மறுக்கலை. அங்கே ஆய்வு தவறியது. அதனால் எத்தனை முதியவர்கள் வங்கி வாசலில் அழுதார்கள் என்று நாடே பார்த்தது. ஒரு பொறுப்பு தவறினால் இத்தனை பேர் அழவேண்டியிருக்கு என்றால், அந்த நாற்காலிக்கு நல்ல பிள்ளை போகணுமா, வேண்டாமா? (கைதட்டல்) அப்படிப் போகிறவர்களுக்குப் பயிற்சி தரத்தான் ரிசர்வ் வங்கி 2020-ல் ஒரு மேற்பார்வையாளர் கல்லூரி தொடங்கியது.

பெற்றோரே, இது எட்டாத கனி இல்லை. பொதுப் பணிப்பிரிவுக்கு எந்தப் பட்டமும் போதும். 60 சதவீத மதிப்பெண், பட்டியல் இனத்தவருக்கு 50. வயது 21 முதல் 30-க்குள். இரண்டு கட்டத் தேர்வு, பிறகு நேர்முகம். சம்பளமும் நல்ல சம்பளம்தான். அதை அதிகமா சொன்னா எதிரணிக்கு பாயிண்ட் போயிடும், விட்டுடறேன்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே! சம்பளம் ஒரு வீட்டைக் காப்பாற்றும். வேண்டியதுதான். ஆனால் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், ரிட்டயர் ஆகி வாங்கிய பணம், கம்பெனி பஸ்ஸில் போய்ச் சம்பாதித்த அந்தச் சம்பளம், எல்லாம் போய்ச் சேர்கிற இடம் வங்கி. அங்கே விழித்திருக்க ஓர் ஆள் வேண்டும். எனவே முதல் வேலையில் பெரிது பொறுப்பே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.