கொய்யாவும் சீஸும் அடுக்கு மாவும்



சாயங்கால வேளையில் நம் பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக வந்து அமரும் முட்டை பப்ஸை அறியாதவர் நம்மில் குறைவு. அதே அடுக்கு மாவுக்குள் கொய்யாப்பழத்தையும் சீஸையும் வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரைப் பாகு தடவிக் காலைக் காப்பியோடு சாப்பிடுகிறவர்கள் கியூபா நாட்டுக்காரர்கள். பாஸ்தெலீத்தோ என்பது அந்தப் பண்டத்தின் பெயர். பழம் வைத்த பப்ஸ் எத்தனையோ தேசங்களில் உண்டு. அவற்றில் இது ஒன்றைத்தான் நம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பழத்துக்கும் அடுக்கு மாவுக்கும் இயல்பிலேயே ஒத்துவராது. இரண்டுக்கும் நடுவே தகராறு செய்வது தண்ணீர்.

மைதாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, நடுவில் வெண்ணெயை ஒரு பாளமாக வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிக்கிறோம். மறுபடி தேய்த்து மறுபடி மடிக்கிறோம். ஒரு மடிப்புக்கு வெண்ணெய் மூன்று அடுக்காகிறது. இரண்டாவது மடிப்பில் ஒன்பது, மூன்றாவதில் 27. ஆறு முறை மடித்தால் 729. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகள். ஓவனின் சூட்டில் வெண்ணெய் உருகும்போது மாவில் உள்ள தண்ணீரும், வெண்ணெயிலேயே இருக்கிற நூற்றுக்குப் பதினாறு பங்கு தண்ணீரும் ஆவியாகின்றன. தண்ணீர் ஆவியானால் அதன் பருமன் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகும். வெளியேற வழியில்லாத அந்த ஆவி ஒவ்வோர் ஏட்டையும் மேலே தூக்கிவிடுகிறது. ஈஸ்ட் கிடையாது, சோடா கிடையாது. தூக்குவது முழுக்க முழுக்க ஆவிதான்.

அப்படிப்பட்ட மாவுக்குள் பச்சைப் பழத்தை நறுக்கி வைத்தால் என்ன நடக்கும்? பழத்தின் சாறு கீழ் ஏடுகளில் ஊறும். ஆவியாகப் போய்த்தீர வேண்டிய ஈரம் அங்கேயே தங்கும். மேல்பக்கம் பொன்னிறமாக எழும்பி நிற்க, அடிப்பக்கம் வேகாத களியாக இருக்கும். சாதாரண ஜாமை வைத்தாலோ, அது கொதித்து ஓரம் வழியாக ஒழுகித் தட்டில் கருகிப்போகும்.

கியூபாக்காரர்கள் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் கொய்யாவைச் சர்க்கரையோடு, கத்தியால் வெட்டி எடுக்கும் பதம் வரும்வரை காய்ச்சிவிடுகிறார்கள். அந்தக் கொய்யாப் பாளம் ஓவனுக்குள் இளகுமே தவிர ஓடாது. கொய்யாவில் பெக்டின் நிறைய இருக்கிறது. பழக்கூழைக் கட்டியாக்கும் பொருள் அதுதான். வேறு பல பழங்களுக்கு அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். கொய்யாவுக்குச் சர்க்கரையும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் போதும்.

பக்கத்தில் சீஸ் எதற்கு? அந்தப் பாளம் திகட்டும் இனிப்பு. உப்பும் லேசான புளிப்பும் உள்ள ஒன்று அருகில் இருந்தால்தான் கொய்யாவின் வாசனையே நாக்குக்குத் தெரிகிறது. இந்த ஜோடி கியூபாவுக்கு மட்டும் சொந்தமானதில்லை. பிரேசிலில் கொய்யாப் பாளத்தையும் வெள்ளைச் சீஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ரோமியோ ஜூலியட் என்று பெயர் சூட்டிச் சாப்பிடுகிறார்கள். நம் கோவாவிலும் இதே பாளம் உண்டு. போர்த்துகீசியர் ஆட்சி விட்டுப்போன பழக்கமாக, கிறிஸ்துமஸ் தட்டுகளில் பெராட் என்ற பெயரில் இன்னும் இடம்பெறுகிறது.

1959-ல் கியூபாவில் புரட்சி நடந்தபின் லட்சக்கணக்கானவர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். மயாமி நகரின் எட்டாம் தெருவைச் சுற்றி அவர்கள் குடியேறிய பகுதியில், தெருவைப் பார்த்த ஜன்னலில் நின்றபடியே காப்பியும் பாஸ்தெலீத்தோவும் வாங்கிச் சாப்பிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கறி வைத்தது வட்டம், பழம் வைத்தது சதுரம் அல்லது முக்கோணம் என்று, பிட்டுப் பார்க்காமலே உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளலாம். கடைக்குக் கடை வடிவம் கொஞ்சம் மாறும்.

லாஸ் ஏஞ்சலிஸில் ரோசா போர்ட்டோ என்ற பெண்மணி 1976-ல் ஒரு சின்னக் கடை தொடங்கினார். கியூபாவில் இருந்தபோது வேலையை இழந்து, வீட்டிலேயே கேக் செய்து அக்கம்பக்கத்தில் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். அந்தக் கடை பின்னாளில் பல கிளைகளாக வளர்ந்தது. கொய்யாவும் க்ரீம் சீஸும் வைத்த பண்டத்துக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் ரெஃபுஜியாடோ, அதாவது அகதி. 2019-ல் ரோசா காலமானார். அந்தப் பண்டத்தை வாங்க இன்றும் அங்கே வரிசை நிற்கிறது.

சரி, இதை நம் வீட்டில் செய்ய முடியுமா? தாராளமாக முடியும். பழநிக்குப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யா கிடைக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். உள்ளே சிவப்பாக இருக்கும் பழமாகக் கிடைத்தால் நிறமும் நன்றாக வரும்.

ஒரு கிலோ பழுத்த கொய்யாவைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து மசித்து, விதை போக வடிகட்டுங்கள். அந்தக் கூழை எடை போட்டு, அதில் முக்கால் பங்கு சர்க்கரையும் ஓர் எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து, அடி கனமான பாத்திரத்தில் கிளறுங்கள். கெட்டியாகும் நேரத்தில் கூழ் வெடித்துத் தெறிக்கும். கையில் பட்டால் கொப்புளமே வந்துவிடும். நீளமான கரண்டியும் நிதானமும் தேவை. அல்வா பதத்தில் பாத்திரத்தை விட்டுச் சுருண்டு வந்ததும் நெய் தடவிய தட்டில் கொட்டி, ஓர் இரவு ஆறவிடுங்கள்.

மாவுக்கு 250 கிராம் மைதா, 125 மில்லி குளிர்ந்த தண்ணீர், ஒரு சிறு கரண்டி உப்பு. மடிப்பதற்கு 200 கிராம் வெண்ணெய். நம் ஊர் வெயிலில் இந்த வேலைக்கு முதல் எதிரி சூடுதான். அறை சூடாக இருந்தால் வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிடும். அப்புறம் அடுக்கும் இல்லை, எழும்பலும் இல்லை. அதனால் விடிகாலையில் தொடங்குங்கள். ஒவ்வொரு மடிப்புக்குப் பிறகும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அந்த ஓய்வில் வெண்ணெய் இறுகும், மாவின் இழுவையும் தளரும். வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் அதில் தண்ணீர் அதிகம். துணியில் வைத்துப் பிழிந்துவிடுங்கள்.

பேக்கரிகளில் பெரும்பாலும் இதற்கென்றே வரும் மார்ஜரினைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது வெயிலைத் தாங்கும், வேலையும் சுலபம். ஆனால் நம் உடல் சூட்டில் முழுதாக உருகாது என்பதால் மேல் அண்ணத்தில் மெழுகாய் ஒட்டும். வீட்டில் மெனக்கெட்டுச் செய்யும்போது வெண்ணெயையே பயன்படுத்துங்கள். ருசியில் இரண்டுக்கும் பெரிய தூரம்.

க்ரீம் சீஸ் கிடைக்காவிட்டால், துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்ட தயிரையும் புதுப் பனீரையும் சரிபாதியாகச் சேர்த்து, உப்புப் போட்டு மைய அரைத்துக்கொள்ளலாம்.

மாவை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துச் சதுரங்களாக வெட்டுங்கள். ஒரு சதுரத்தின் நடுவில் கொய்யாத் துண்டும் ஒரு கரண்டி சீஸும் வைத்து, ஓரத்தை நனைத்து, இன்னொரு சதுரத்தால் மூடுங்கள். மேலே முட்டையோ பாலோ தடவும்போது வெட்டிய ஓரங்களில் வழிய விடாதீர்கள். வழிந்தால் ஏடுகள் ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் எழும்பாது. ஆவி போக நடுவில் ஒரு கீறல் போட்டு, மறுபடி இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, 200 டிகிரிக்குச் சூடேறிய ஓவனில் இருபத்தைந்து நிமிடம் சுடுங்கள். நல்ல பொன்னிறம் வரட்டும். பாதியில் கதவைத் திறக்க வேண்டாம். எடுத்தவுடன் சர்க்கரைப் பாகை மெலிதாகத் தடவுங்கள்.

குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன் கால் மணி நேரமாவது ஆறட்டும். வெளி ஏடு ஆறிய பிறகும் உள்ளே இருக்கும் கொய்யா நாக்கைச் சுட்டுவிடும். மீதி இருந்தால் மறுநாள் ஓவனிலோ தோசைக்கல்லில் மூடிபோட்டோ சூடுபடுத்துங்கள். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஏடுகளுக்குள் ஏறி எல்லாம் துவண்டுபோகும்.