காத்திருக்கும் வலிமை
(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



பொருளியல் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம்மைப் பணித்துள்ளீர்கள். பொருளியல் என்றதும் பட்டணத்து வங்கிகள் நினைவுக்கு வரும். ஆனால் நாற்று நடும் தாயின் கூலியும், கடன் பத்திரத்தில் விழும் கைநாட்டும் பொருளியலே ஆகும். விலை, முதல், வட்டி, கூலி என்னும் நான்கு சொற்களை மட்டும் இன்று விளக்க விழைகிறோம்.

முதலாவது, விலை. நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்து மரவள்ளியைச் சேலம், ஆத்தூர்ப் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் வாங்குகின்றன. எல்லாரும் ஒரே வேளையில் கிழங்கு பிடுங்கினால் வரத்து மிகும், விலை இறங்கும். வரத்தை அளிப்பு என்றும், வாங்கும் விருப்பமும் பணமும் சேர்ந்ததைத் தேவை என்றும் நூலோர் கூறுவர். பசித்தவன் கையில் காசில்லையேல் அவன் பசியைச் சந்தை தேவையாகக் கொள்ளாது. நியாயவிலைக் கடை வேண்டியிருப்பது அதனால்தான். மேலும், பிடுங்கிய கிழங்கு சில நாள்களில் கெட்டுவிடும். விற்பவனால் காத்திருக்க இயலாது, வாங்குபவனால் இயலும். காத்திருக்க வல்லவனே விலையைச் சொல்கிறான்.

இரண்டாவது, முதல். மேலும் பொருளீட்ட உதவும் செல்வமே முதல். கறவை மாடும் தையல் இயந்திரமும் முதலாகும். கடன் வாங்கிப் போட்ட விருந்து முதலாகாது. முதல் உடையவனுக்கே காத்திருக்கும் வலிமை வாய்க்கிறது.

மூன்றாவது, வட்டி. காத்திருக்க இயலாதவன் கொடுக்கும் விலை இது. “நூற்றுக்கு ஐந்து” என்பது கேட்கச் சிறிது. ஆனால் அது மாதக் கணக்கு. ஆண்டுக்கு நூற்றுக்கு 60. ரூ.10,000 கடனுக்கு மாதம் ரூ.500 வீதம் 20 மாதம் கட்டினாலும் முதல் அப்படியே நிற்கும். கட்டாத வட்டி மாதந்தோறும் முதலோடு சேர்ந்தால் 15 மாதத்தில் கடன் ரூ.20,789 ஆகும். இதுவே கூட்டு வட்டி. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003-இல் சட்டம் இயற்றியது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு முறை, சிறு சேமிப்பையே முதலாக்கும் வழியைக் காட்டிற்று.

நான்காவது, கூலி. இன்று விற்காத உழைப்பை நாளைக்குச் சேர்த்து வைக்க முடியாது. ஆகவே உழைப்பாளியே காத்திருக்க மிகவும் இயலாதவன். முன்பணம் வாங்கியவனோ தன் உழைப்புக்கு விலை பேசும் உரிமையையும் இழக்கிறான். கல்வராயன் மலைப் பழங்குடியினர் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் கூலியின்றி உழைக்க நேர்ந்தது. அதே 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமையின் கடனையே செல்லாததாக்கிற்று. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என உச்சநீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது.

கையில் பெறும் பணம் பணக்கூலி. அது வாங்கித் தரும் அரிசியும் துணியும் மெய்க்கூலி. கூலி உயராமல் விலை மட்டும் உயர்ந்தால் மெய்க்கூலி குறையும். ரூபாயின் மதிப்பு வீழ்ந்தால் இழப்பு உழைப்பவனுக்கே என்பதை அண்ணல் அம்பேத்கர் 1923-இல் வெளியிட்ட ரூபாய் பற்றிய ஆய்வு நூலிலேயே எடுத்துக் காட்டினார்.

இளைஞர்களே! உங்கள் தெருவில் எவரேனும் பத்திரத்தில் கைநாட்டு வைக்குமுன் நீங்கள் அருகிருந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். வட்டி மாதத்திற்கா, ஆண்டிற்கா? கட்டும் பணம் முதலில் கழிகிறதா? கடன் பணத்திற்கா, உழைப்பிற்கா? உழைப்பையே பிணையாகக் கேட்டால் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். 2019 முதல் ஆட்சியர் அலுவலகம் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே இருக்கிறது. நாம் கற்ற கணக்கு பிறர்க்கும் பயன்படுவதே கல்வியின் பயன்.